முதற் போத்தல் வெளியீட்டு விழா

பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு கிளாஸ் பியர் வேண்டியிருந்தது. கடைப் பியர் வேண்டாம் என்றான். மாசி மாதம் நாங்கள் இருவரும் என் கராஜில் காய்ச்சிய கறுத்தப் பியர்தான் வேண்டும் என்றான். இனி வைத்தியம் பயன் தராது என்று கைவிடப்பட்ட ஆட்களை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லத்தில், யன்னலோரக் கட்டிலில் கிடந்துகொண்டு கேட்டான். அங்கிருந்த டொக்டர் பிள்ளை, அவர் எதைக் கேட்டாலும் கொடுங்கள், தடை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பியர் அங்கிருந்து இரண்டு பஸ் தூரத்தில், லண்டன் நோர்பரியில் ஒரு பாடசாலை மண்டபத்து அலுமாரிக்குள் இருந்தது. காய்ச்சியவன் நான். போத்தலில் அடைத்தவன் அவன். ஆனாலும் அதைத் தொட எங்கள் இருவருக்கும் உரிமை இல்லை. ஏனென்றால் எங்களுக்கு ஒரு மன்றம் இருந்தது.

நாசமாய்ப் போன அந்த மன்றத்தைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். நான் ஜெர்மனியில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். பஸ்தி பிரான்சில் இருந்து வந்தவன். ஒரே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறும்போது சந்தித்தோம். இங்கத்தைய பப்புகளில் கிடைக்கும் பியரைப் பற்றி நான் ஒரு வசனம் சொன்னேன், அதைப் பத்திரிகையில் எழுத ஏலாது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த கிழமை இருவரும் போய் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளியும், ஒரு டின் மோல்ட் என்கிற பார்லிப் பாகும், புளிக்கவைக்க ஒரு பக்கெற் ஈஸ்ட்டும் வாங்கி வந்தோம்.

வாளியை என் வீட்டு பொய்லர் அலுமாரிக்குள், துவாய்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். பியர் புளிக்கத் தொடங்கினால் மூடியில் உள்ள குழாயால் காற்று வரும், ஏப்பம் போலச் சத்தத்தோடு வரும். “விடிய விடிய உந்த வாளி ஏவறை விடுது, மனுசர் நித்திரை கொள்ளுறதோ?” என்றாள் என் மனைவி ஜெகதீஸ்வரி. முதல் வாளி பழஞ்சோத்துத் தண்ணியாக வந்தது. இரண்டாவது, போட்ட சீனி கூடிப்போனதால் நுரைத்து, போத்தலுக்குள் அடங்காமல் வெடித்து கராஜ் கூரையில் அப்பியது. மூன்றாவதைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் இன்னொரு தரம் ஊற்றினோம். பிறகு பஸ்தி கிளாசைத் தூக்கிப் பார்த்து, “மச்சான், இதை நாங்களோ செய்தனாங்கள்?” என்று கேட்டான்.

கதை பரவியது. மோர்டனில் இருந்து ஒருவர் இஞ்சி போட்டுக் காய்ச்சிக்கொண்டு வந்தார். கிங்ஸ்பரியில் இருந்து ஒருவர் பனங்கட்டி போட்டுக் கொண்டு வந்தார். பத்ரிநாராயணன் என்ற தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர்காரர் கோப்பிக்கொட்டை போட்டுக் கொண்டு வந்தார். சனிக்கிழமை பின்னேரம் என் கராஜில் ஆளுக்கொரு கதிரை. ஒருவர் தன் போத்தலைத் திறந்து எல்லோருக்கும் ஊற்றுவார், மற்றவர்கள் குடித்துவிட்டு அவரை ஏசுவார்கள். ஏசிக்கொண்டே இன்னொரு தரம் கிளாசை நீட்டுவார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் நான் மெத்தச் சந்தோஷமாக இருந்தேன்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் பத்ரி, “சார், இவ்வளவு பேர் வர்றோம், ஒரு ஸ்ட்ரக்ச்சரே இல்லாம இருக்கே. சங்கமா ரெஜிஸ்டர் பண்ணிட்டா நல்லா இருக்கும்ல?” என்றார். அவர் அப்போது மூன்றாவது கிளாசில் இருந்தார். நாங்கள் நாலாவதில் இருந்தோம். எல்லோரும் ஓம் ஓம் என்றோம்.

மன்றம் என்றால் தலைவர் வேண்டும். தலைவர் மரியாதையான மனிதராக இருக்கவேண்டும். குடிக்கிற ஆளைத் தலைவராக்கினால் சனம் எங்களைக் குடிகாரர் என்று கதைக்கும். ஆகவே ஒரு பியர் மன்றத்துக்கு, வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத ஒருவரைத் தலைவராகத் தேடினோம். லண்டனில் எங்கள் ஆட்களுக்குள் அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கச் சில கிழமை எடுத்தது. கடைசியில் ஸ்ரீஸ்கந்தராஜா அகப்பட்டார். ஓய்வுபெற்ற கணக்காளர், கோயில் பரிபாலன சபைக்காரர், வேறு மூன்று சங்கங்களுக்கும் தலைவர். கோட்டும் திருநீறுமாக வந்து என் கராஜில் நின்று பதவியேற்புரை ஆற்றினார்.

“மதுவை நான் அறியேன். அறியாத காரணத்தினாலேயே அதைப் பற்றி நடுநிலையாகப் பேசும் தகுதி எனக்கு உண்டு. இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதை மிகுந்த பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

நாங்கள் கை தட்டினோம். மன்றத்துக்கு ‘ஐக்கிய இராச்சியத் தமிழர் இல்லமதுக் கலாமன்றம்’ என்று பெயர் வைத்தார். இரண்டு மாதத்தில் மோர்டன் இஞ்சிக்காரர் கோபித்துக்கொண்டு பிரிந்து போய், அதே பெயரில், தங்களதுதான் ‘தாய் மன்றம்’ என்று சொல்லி இன்னொன்றைத் தொடங்கினார். அப்போதுதான் எங்கள் தலைவருக்கு மன்றத்தில் உண்மையான ஈடுபாடு வந்தது.

யாப்பு என்று மன்றத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் எழுதினார். முதல் விதி, கூட்டத்தில் குடிக்கக்கூடாது. குடித்தவர்கள் நிறைவேற்றும் தீர்மானம் செல்லாதாம். இரண்டாவது, கூட்டம் கராஜில் கூடாது. மங்கள விளக்கேற்றும்போது அங்கே நெருப்புப் பிடிக்கலாமாம். பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். மூன்றாவது, வெள்ளிக்கிழமை, சதுர்த்தி, கந்தசஷ்டி, திருவெம்பாவைக் காலங்களிலும், கத்தோலிக்க உறுப்பினர்களை மதித்துத் தபசு காலத்திலும் பியர் புளிக்கக்கூடாது. இதை ஈஸ்ட்டுக்கு யார் சொல்வது என்று பஸ்தி கேட்டான். உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது.

நாலாவது விதிதான் எங்களைக் கொன்றது. உறுப்பினர் காய்ச்சும் பியர் முழுவதும் மன்றத்தின் சொத்து. அதை முறைப்படி வெளியிடும்வரை ஒருவரும் குடிக்கக்கூடாது. “வெளியிடாத நூலை ஒருவர் வாசிப்பாரா? வெளியிடாத பியரை மட்டும் எப்படிக் குடிக்கலாம்?” என்று தலைவர் கேட்டார். போத்தல்கள் எல்லாம் மண்டபத்து அலுமாரிக்குள் போயின, அதற்கு மூன்று பூட்டு. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேருக்கு மூன்று திறப்பு. பத்ரிதான் செயலாளர். பனங்கட்டிக்காரர் ஒரு போத்தலை வீட்டில் ஒளித்து வைத்திருந்ததற்காக விலக்கப்பட்டார்.

பியரின் தரத்தைக் கூடத் தலைவரே பார்த்தார். போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, “நல்ல ஒழுக்கமான நிறம்” என்றார். எங்கள் கறுத்தப் பியர் சிறப்புத் தேர்ச்சி பெற்றது.

அந்த நேரத்தில்தான் பஸ்திக்கு வயிற்றில் வருத்தம் என்றார்கள். பிறகு வேறு வருத்தம் என்றார்கள். பிறகு அந்த இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் போகும்போதெல்லாம் அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை, என் பையைப் பார்ப்பான். “கொண்டு வந்தனியோ?” என்பான். அவன் மனைவி லூர்தம்மா என்னை வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, “அண்ணை, அந்தாள் சாப்பாடு கேக்கேல்லை, பிள்ளையளைக் கூடக் கேக்கேல்லை. உந்தப் பியரைத்தான் கேக்குது. எப்பிடியும் ஒண்டு எடுத்துத் தாங்கோ” என்று அழுதாள்.

இன்னொரு வாளி காய்ச்சினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கறுத்தப் பியர் வாயில் வைக்கிற பதத்துக்கு வர மூன்று மாதமாவது வேண்டும். டொக்டர் பிள்ளை கிழமைக் கணக்கில்தான் கதைத்தாள்.

தலைவரின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். நான் சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கிருஷ்ணராசா, நீர் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு உருகுது.”

“அப்ப ஒரு போத்தல் தாங்கோ அண்ணை.”

“உருகுது. ஆனா நெஞ்சு உருகிறது வேற, யாப்பு வேற. இண்டைக்கு ஒரு நோயாளிக்குக் குடுத்தால், நாளைக்கு எல்லாரும் நோயாளியெண்டு வந்து நிப்பினம்.”

“அவன் சாகப்போறான் அண்ணை.”

“அதுதான் நானும் யோசிக்கிறன். ஒரு சாதாரணப் போத்தலைக் களவாக் குடிச்சுப்போட்டுப் போறது அவருக்கு மரியாதையோ? வெளியீட்டு விழாவில முதற் போத்தலை அவரே பெறட்டும். எத்தினை தொழிலதிபர்மார் அந்த இடத்துக்கு வரிசையில நிக்கினம் தெரியுமோ?”

“விழா எப்ப?”

“ஆடி கழியவேணும். ஆடியில நல்ல காரியம் செய்யிறேல்லை.”

நான் அவரின் காலில் விழவில்லை, அது ஒன்றுதான் குறை. வெளியே வந்து காருக்குள் இருந்து ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த நாள் ஒரு ஸ்குரூ டிரைவரைக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மூன்று பூட்டில் முதற் பூட்டைத் தொடும்போதே கேர்டேக்கர் வந்துவிட்டார். நல்ல மனிதர், பொலிசைக் கூப்பிடவில்லை, பத்ரியைத்தான் கூப்பிட்டார். மன்றத்தின் சொத்தைக் களவாட முயன்றதற்கு என்னிடம் விளக்கம் கேட்டார்கள். “பர்சனலா எனக்கு ரொம்ப வருத்தம் சார்” என்றார் பத்ரி. “பஸ்தி சார் எனக்கும் ஃபிரண்டுதான். ஆனா ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?”

பிறகு ஒரு கிழமையில் விழாத் தேதி முன்னுக்கு வந்தது. ஆனி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பஸ்திக்காக அல்ல. தாய் மன்றம் தன் இஞ்சிப் பியரை முந்தி வெளியிடப் போகிறது என்று கதை வந்துவிட்டது. எனக்கென்ன, தேதிதான் வேண்டும். இல்லத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். பஸ்தி கட்டிலில் எழும்பி இருந்து, தாடி வழிக்க வேண்டும் என்றான்.

இல்லத்தில் பின்னேரம் ஆறு மணிவரை லீவு கொடுத்தார்கள். ஒரு தாதிப் பிள்ளை வாகனத்தோடு வந்து கூட்டிக்கொண்டு போகும் என்றார்கள். சக்கர நாற்காலியில் வைத்து, மூன்று மணி விழாவுக்கு நேரத்துக்கே கொண்டு போனோம். மண்டபத்தில் கதிரை அடுக்குகிறவர்களைத் தவிர ஒருவரும் இல்லை. நாலரைக்கு மங்கள விளக்கு ஏற்றினார்கள். ஐந்து சோடிகள் ஏற்றினார்கள், ஆறாவது சோடி தங்களைக் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்ப, அவர்களைச் சமாதானப்படுத்தி இன்னொரு திரியும் ஏற்றினார்கள். மௌன அஞ்சலி. தமிழ்மொழி வாழ்த்து. மன்ற கீதம். அடுத்து வரவேற்பு நடனம். பார்லி முளைப்பதையும், கதிர் விடுவதையும், வறுபடுவதையும் சிறுமிகள் அபிநயம் பிடித்தார்கள். ஈஸ்ட்டாக வந்த பிள்ளை குமிழி விடுவதைக் கண்ணாலேயே காட்டியது. அந்தப் பிள்ளையில் பிழை சொல்லமாட்டேன்.

பஸ்தியை மேடையில் ஒரு கரையில் வைத்திருந்தார்கள். அவன் முகம் மெழுகு நிறமாகிக்கொண்டு வந்தது. என்னைக் கிட்டக் கூப்பிட்டு, “மச்சான், என்னை மேடையிலயே வைச்சு அடக்கம் செய்யப் போறாங்கள் போல கிடக்கு. அது எத்தினையாவது நிகழ்ச்சி எண்டு கேள்” என்றான்.

பத்ரி ஆய்வுரையில் இருந்தார். திரையில் படங்கள் ஓடின. “இந்தப் பியரை நான் இன்னும் குடிக்கலை. குடிச்சா ஒரு சார்பு வந்துடும். ஆனா முழுசா ஆய்வு பண்ணியிருக்கேன்” என்று தொடங்கி, சங்க காலத்தில் தேறல், இடைக்காலத்தில் கள், தற்காலத்தில் பஸ்தி என்று வந்துகொண்டிருந்தார். நான் மேடையில் ஏறித் தலைவரின் காதுக்குள், “அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், அவனுக்குரியதை இப்பவே குடுத்திடுங்கோ. வாகனம் வரப்போகுது” என்றேன்.

“நிகழ்ச்சி நிரலை மாத்திறதெண்டால் நிர்வாகக் குழு கூடவேணும்” என்றார் தலைவர். கூடினார்கள். திரைக்குப் பின்னால் நின்று ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஒருவர் திருத்தம் கொண்டு வந்தார். போத்தலுக்கு முன் பொன்னாடை என்பது திருத்தம். ஏகமனதாக நிறைவேறியது.

தலைவர் ஒரு பொன்னாடை போர்த்தினார். பொருளாளர் ஒன்று. நகைக்கடைக்காரர் ஒன்று. காப்புறுதி முகவர் ஒன்று. தானும் கொண்டு வந்ததாகக் கோயில் ஐயரும் ஒன்று. ஆனி மாத வெக்கையில் பஸ்தி பட்டுக்குள் புதைந்து போனான். லூர்தம்மா ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற, அவர்கள் போர்த்திக்கொண்டே இருந்தார்கள். மனுசி கடைசியில் கழற்றுவதை விட்டுவிட்டுப் பேப்பர்த் தட்டால் அவனுக்கு விசிறினாள்.

அதற்குப் பிறகு போத்தல் வந்தது. பொன் நிறத் தாள் சுற்றி, சிவப்பு நாடா கட்டி, வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டு வந்தார்கள். தலைவர் எடுத்துப் பஸ்தியின் கையில் வைத்தார். சபை கை தட்டியது. படம் எடுத்தார்கள். நிர்வாகக் குழுவோடு ஒரு படம், அனுசரணையாளரோடு ஒரு படம், நடனமாடிய பிள்ளைகளோடு ஒரு படம். “ஐயா, கொஞ்சம் சிரியுங்கோ. வெளியீட்டுக் களை முகத்தில வரேல்லை” என்றான் வீடியோக்காரன். பஸ்தி சிரித்தான். சிரித்துக்கொண்டே நாடாவைப் பிடித்து இழுத்தான்.

“சார், சார்! பிரிக்கக்கூடாது!” பத்ரி ஓடி வந்தார். “இது ஆவணக் காப்பகத்துக்குப் போறது. போட்டோவுக்கு மட்டும்தான்.”

பத்ரி போத்தலின் கழுத்தைப் பிடித்தார். பஸ்தி அடியைப் பிடித்திருந்தான். சோற்றைப் பிசைய ஏலாத அந்த விரல்களில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது, விடவில்லை. “பத்ரி, விடும்” என்றேன். “சார், யாப்புல க்ளியரா இருக்கு” என்றார். நான் அவரின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். என் வாழ்க்கையில் ஒருவரையும் அப்படித் தள்ளியதில்லை. அவர் பூச்சாடிக்கு மேல் போய்க் குந்தினார். நான் நாற்காலியைத் திருப்பி, பக்கத்துச் சரிவால் இறக்கி, பொன்னாடைகள் சக்கரத்தில் சிக்கச் சிக்கப் பின்கதவால் கார் தரிப்பிடத்துக்குத் தள்ளிக்கொண்டு ஓடினேன். லூர்தம்மா அவன் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

எங்கள் மன்றத்து உறுப்பினர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். கார் டிக்கிகளைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் கப்புகளில் கடை விஸ்கி குடித்துக்கொண்டு நின்றார்கள். பஸ்தியைக் கண்டதும் கப்புகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். பிறகு ஒருவர் புதுக் கப் ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினார். நான் பொன் தாளைக் கிழித்து, போத்தல் மூடியைக் கார்க் கதவின் கொளுக்கியில் வைத்து நெம்பினேன்.

மூடி கழன்று விழுந்தது. சீறவில்லை. கப்பில் ஊற்றினேன். நல்ல கறுப்பு, ஒரு குமிழும் இல்லை.

மண்டபத்து ஒலிபெருக்கி வெளியிலும் கேட்டது. தலைவர் தலைமையுரையைத் தொடங்கியிருந்தார். “சற்று முன்னர் இங்கே நிகழ்ந்த உணர்ச்சிமிகு காட்சியை மன்னிப்போம். இவ்வேளையில் ஒரு பெருமைக்குரிய செய்தி. இது பிள்ளைகள் படிக்கும் பாடசாலை. இங்கே மது திறப்பது முறையல்ல. ஆகவே நேற்று நானும் செயலாளரும் இருந்து எல்லாப் போத்தல்களையும் கையாலேயே கழுவித் துப்புரவாக்கி, பால் கலவாத சுத்தமான பிளேன்ரீத் தேநீர் நிரப்பி, மீண்டும் மூடியிட்டோம். நிறத்தில் ஒரு வேறுபாடும் இல்லை! ஐக்கிய இராச்சியத்திலேயே ஒரு துளி மதுவும் இல்லாமல் பியர் வெளியிட்ட முதல் மன்றம் எங்கள் மன்றமே. தாய் மன்றத்தால் இதைச் செய்ய முடியுமா?”

உள்ளே கைதட்டல் நிற்க நெடுநேரம் எடுத்தது.

நாங்கள் இரண்டு பேரும் குளிருக்குள் நின்று கிண்டிக் கிண்டிக் காய்ச்சிய பியர், மண்டபத்துக் குசினித் தொட்டியால் போய்விட்டது. உள்ளே போய் அந்த மனிசனின் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஆனால் பஸ்தியின் நாற்காலியை விட்டுவிட்டுப் போக ஏலாது. லூர்தம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமத்திக்கொண்டு நின்றாள். ஒருவர் தன் விஸ்கிக் கப்பைக் கொண்டு வந்து பஸ்திக்கு முன்னால் நீட்டினார். “இதை எண்டாலும் குடியுங்கோ அண்ணை.”

பஸ்தி அதைத் தள்ளி வைத்தான். “நான் பியர் குடிக்க வந்தனான்” என்றான்.

என் கையில் இருந்த கப்பை வாங்கினான். எல்லாம் அவன் காதிலும் விழுந்ததுதான். வாயில் வைத்து ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். விழுங்குவது அவனுக்கு இப்போது பெரிய வேலை. மெதுவாக விழுங்கினான். இன்னொரு மிடறு எடுத்தான். அடி தெரிய முழுவதையும் குடித்துவிட்டுக் கப்பை என்னிடம் நீட்டினான். நான் திரும்பவும் ஊற்றினேன், பாதி பொன்னாடையில் கொட்டுப்பட்டது. வாகனத்தில் வந்த தாதிப் பிள்ளை எங்களைக் கண்டு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

“நல்லாத்தான் வந்திருக்கு மச்சான்” என்றான் பஸ்தி. “நுரைதான் காணாது. அடுத்த முறை சீனி கொஞ்சம் கூடப் போடுவம்.”

“ஓம்” என்றேன். “போடுவம்.”